இரண்டாவது சொல்

ஷார்ஜா
10.01.2003

அன்புள்ள சித்ரா,

நலமா என்று கேட்கமாட்டேன். நலமில்லாவிட்டாலும் நீ சொல்லமாட்டாய். நான் இங்கே வந்து ஐந்து மாதம் ஆகிறது. போனில் பேசிக்கொள் என்கிறார் என் வீட்டுக்காரர். நீ வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போன் செய்தால் உன் முதலாளி பக்கத்திலேயே நின்று கேட்பார். அதனால் கடிதம்தான்.

ஒரு அதிசயம் நடந்தது. மூன்றாவது மாடியில் பிலோமினா என்று ஒரு கோவாக்காரி இருக்கிறாள். கொஞ்சம் பால் கேட்டுப் போனபோது அவள் வீட்டு மேசையில் நம் கதை ஆட்டப் புத்தகம்! துபாயில் யாரோ வெள்ளைக்காரப் பிள்ளைகள் போட்டுவிட்டுப் போனதை எங்கள் ஹாதி அண்ணன் கொண்டுவந்து, நாம் பெரம்பலூர் ஹாஸ்டலில் அகராதியோடு உட்கார்ந்து படித்தோமே, அதே புத்தகம். வெள்ளிக்கிழமைதோறும் அவள் வீட்டில் ஆடுகிறார்கள். என்னையும் சேர்த்துக்கொண்டாள்.

என் வீட்டுக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. "பொம்பளைங்க உக்காந்து பேசிக்கிட்டே இருக்கீங்க, இதுல ஆட்டம் எங்க இருக்கு?" என்றார். விளக்கினேன். ஒருத்தி கதையை நடத்துவாள். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். வாள் வீரர், மந்திரக்காரி, திருடன். கதை நடத்துகிறவள் "எதிரே பாலம் உடைந்திருக்கிறது" என்றால் நாம் என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். முடிந்ததா முடியவில்லையா என்பதைப் பகடை சொல்லும். ஒவ்வொரு பாத்திரத்தின் தாளிலும் மேலே இரண்டு சொல் இருக்கும். முதல் சொல் நெறியா, மீறலா. இரண்டாவது சொல் நன்மையா, தீமையா.

"அப்ப நான் யாரு?" என்றார்.

"நீங்க நெறி, நன்மை."

"நீ?"

"நானும் அதுதான்" என்றேன். சிரித்தார்.

இங்கே இருபது முகம் உள்ள நிஜப் பகடையே வைத்திருக்கிறார்கள். கண்ணாடி மாதிரி, நீல நிறம். கையில் உருட்டும்போது உன் நினைவு வந்தது.

என் வாள் வீரர் கொற்றவல்லியின் தாளைப் பத்திரமாக வைத்திரு. மூன்று வருடம் ஆடி வளர்த்தவள். யாரிடமும் கொடுக்காதே, நான் லீவில் வந்து ஆடுவேன். தங்கை ஷைமா உங்கள் ஊர்க் காலேஜில்தான் படிக்கிறாள். கண்ணில் பட்டால் பார்த்துக்கொள்.

உன்
மர்ஜியா

---

அரியலூர்
02.02.2003

மர்ஜி,

கடிதம் கிடைத்தது. நீலப் பகடைக்கு வாழ்த்து. நாங்கள் இன்னும் புளியங்கொட்டையில்தான் இருக்கிறோம். இருபது கொட்டையில் நம்பர் எழுதி எவர்சில்வர் டம்ளரில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கிறோம். பதினேழாம் நம்பரை எலி தின்றுவிட்டது, வேறு எழுதினேன்.

நீ விமானம் ஏறினாய். எனக்குத் திருச்சிக்கு ரயிலில் போய்வருவதே திருவிழா. அப்பா சுண்ணாம்புக்கல் சுரங்கத்திலிருந்து வந்து சட்டையை உதறினால் வீடெல்லாம் வெள்ளை. நான் அதைப் பெருக்கிவிட்டுச் சென்டருக்குப் போய், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டைப் அடிக்கச் சொல்லித் தருகிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் முதலாளி சாவியைத் தருகிறார். அந்த மூன்று மணி நேரம்தான் எனக்கு வாரம்.

ஷைமா உன் கடிதத்துக்கு முன்பே கண்ணில் பட்டாள். வந்து உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள், இரண்டு வாரம். பிறகு, "சித்ராக்கா, நானும் ஆடவா?" என்றாள். எங்களிடம் வாள் வீரர் யாருமில்லை. என்னோடு வேலை பார்க்கும் கொளஞ்சியப்பன் மந்திரக்காரன், முதலாளியின் கொழுந்தியாள் சுந்தராம்பாள் திருடி. கதை நகரவில்லை. கொற்றவல்லியை ஷைமாவிடம் கொடுத்துவிட்டேன்.

கோபிக்காதே. நன்றாகவே ஆடுகிறாள். நீ ஆடும்போது வல்லி கோயில் வாசல் சிலை மாதிரி நேராக நிற்பாள். யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. ஷைமா ஆடும்போது அவளுக்குக் கால் வலிக்கிறது, பசிக்கிறது. போன வாரம் வழிப்பறிக்காரன் ஒருவனோடு உட்கார்ந்து கூழ் குடித்தாள். கொளஞ்சி சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து விழுந்துவிட்டான்.

பிலோமினாவைக் கேட்டதாகச் சொல்.

ஜெயசித்ரா

---

ஷார்ஜா
21.02.2003

சித்ரா,

"கொடுத்துவிட்டேன்" என்று ஒரே வரியில் எழுதிவிட்டாய். யாரைக் கேட்டுக் கொடுத்தாய்?

உனக்குத் தங்கை கிடையாது, அதனால் தெரியாது. என் பாவாடை சின்னதானால் அவளுக்கு. என் சைக்கிள் அவளுக்கு. நான் மனப்பாடம் செய்த பாட்டை அவள் பாடி இரண்டாம் வகுப்பில் பரிசு வாங்கினாள். எல்லாரும் சொல்வது, "சின்னவ வந்துட்டா வூடே கலகலன்னு ஆயிடுது." அப்போது பெரியவள் இருந்தபோது என்னவாக இருந்தது வீடு?

வல்லி ஒன்றுதான் பழசாகி அவளுக்குப் போகாமல் எனக்கென்றே இருந்தது. அதையும் நீ கொடுத்தாய். நீ.

நான் சிலை மாதிரி ஆடினேன் என்று மூன்று வருடமும் நினைத்துக்கொண்டுதான் என்னோடு ஆடினாயா?

பிலோமினா வீட்டில் நான் ஆடுவதை யாரும் குறை சொல்வதில்லை. யாரும் சிரிப்பதுமில்லை, அது வேறு விஷயம்.

ஆடட்டும். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். வல்லியின் தாளில் மேலே நான் எழுதிய இரண்டு சொல்லும் அப்படியே இருக்க வேண்டும். நெறி. நன்மை. அவள் பொய் சொன்னதில்லை, கொடுத்த வாக்கை மீறினதில்லை. ஷைமாவிடம் சொல்லிவை.

மர்ஜியா

---

அரியலூர்
27.04.2003

மர்ஜி,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதத் தோன்றவில்லை. இப்போது எழுதியே ஆக வேண்டும். புத்தகத்தை என்னைவிட நீ நன்றாகப் படித்தவள். ஒரு தீர்ப்பு வேண்டும்.

கதையில் கருங்கோடன் என்று ஒரு கொள்ளைத் தலைவன். வல்லி அவனைப் பிடித்துவிட்டாள். "ஆயுதத்தைப் போடு, உயிருக்கு நான் பொறுப்பு" என்று ஷைமா சொன்னாள். போட்டான். கட்டி வைத்தார்கள். அதன் பிறகு அவன் சொன்னான், விடிந்ததும் என் ஆட்கள் ஏரிக்கரையை உடைப்பார்கள், கீழே ஏழு ஊர் போகும், நான் சங்கு ஊதினால்தான் நிறுத்துவார்கள், ஊதமாட்டேன். சொல்லிவிட்டுச் சிரிக்கிறான். கதை நடத்துவது நான், அவனாக நான்தான் சிரித்தேன். கொஞ்சம் நன்றாகவே சிரித்துவிட்டேன் போலிருக்கிறது.

ஷைமா எழுந்து நின்றுவிட்டாள். "சித்ராக்கா, அவனை வெட்டுறேன். தலையைக் கொண்டுபோய்க் கரையில காட்டுறேன். தலைவன் செத்தா ஓடிருவானுங்க."

கொளஞ்சி கத்தினான். "ஏய், வாக்குக் குடுத்துட்டுக் கட்டிப்போட்ட ஆள வெட்டுவியா?"

"ஏழு ஊரு கொளஞ்சிண்ணே!"

"வேற வழி பாப்பம். எடுத்த ஒடனே வெட்டா?"

"வெட்டுறேன்" என்றாள். கட்டிப்போட்டவனை வெட்டக் கொட்டை எடுக்க வேண்டியதில்லை. வெட்டினாள். ஊர்கள் பிழைத்தன.

வல்லியின் தாளை எடுத்தேன். நெறியை அடித்து மீறல் என்று எழுதினேன். அதில் எனக்குச் சந்தேகமில்லை. இரண்டாவது சொல்லுக்கு வந்ததும் கை நின்றது. பிறகு அதையும் அடித்துத் தீமை என்று எழுதினேன். வாக்கை நம்பிக் கத்தியைப் போட்டவன் அல்லவா?

ஷைமா அழுதுவிட்டாள். "அக்கா, கெட்டது வல்லியா, நானா?"

சுந்தராம்பாள், "அதெல்லாம் ஆட்டம்டி, மூஞ்சியக் கழுவு" என்றாள். ஆனால் அன்றைக்கு யாரும் டீ குடிக்கவில்லை. நான் வீட்டுக்கு வந்தும் யோசித்தேன். கெட்டது என்பது செய்கிற காரியத்திலா, எதற்காகச் செய்கிறோம் என்பதிலா? ஏழு ஊருக்காகச் செய்ததா, அவன் சிரித்தது பொறுக்காமல் செய்ததா என்று அவளுக்கே தெரியவில்லையாம். கேட்டேன்.

நீ சொல். நான் எழுதியது சரியா?

சித்ரா

---

ஷார்ஜா
16.05.2003

சித்ரா,

எழுதிவிட்டாய். இனி என்னைக் கேட்டு என்ன?

மூன்று வருடத்தில் ஒரு கறை படாமல் வைத்திருந்தேன். மூன்று மாதத்தில் முடித்துவிட்டாள். அழுதாளாம். அழுதால் எல்லாரும் சுற்றி நின்றுகொள்வீர்கள் என்று அவளுக்குத் தெரியும்.

இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் என்று வீட்டில் சொல்லிவிட்டு வருகிறாளாமே? எனக்கு அது தெரியாது. நேற்று அம்மா போனில் பேசும்போதுதான் தெரிந்தது. உள்ளதைச் சொன்னேன். ஸ்பெஷல் கிளாஸ் இல்லை, கம்ப்யூட்டர் சென்டர், அங்கே ஒரு பையனும் இருக்கிறான் என்று. நான் ஒரு வார்த்தை கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. கேட்டார்கள், சொன்னேன்.

அவளுடைய நல்லதுக்குத்தான்.

மர்ஜியா

---

அரியலூர்
22.06.2003

மர்ஜியா,

உன் அத்தா சென்டருக்கு வந்தார்.

சண்டை போட வந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்து நின்றார். நாற்காலி போட்டேன், உட்காரவில்லை. "எம்மா, எம் புள்ள ஸ்பெஷல் கிளாஸுன்னு சொல்லிட்டு இங்கதான் வந்துச்சா?"

"ஆமாங்க."

"நீயும் மர்ஜியாவும் ஒரே ரூமுல இருந்தவங்க. எங்க வூட்டுல வந்து சாப்பிட்டவ. நீயாவது ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

ஷைமா வீட்டில் பொய் சொல்வது எனக்குத் தெரியும். கொளஞ்சி ஓடிவந்து, "பாய், நாங்க சும்மா கதைதான் பேசுவோம்" என்றான். அவர் அவனைப் பார்த்தார், திட்டவில்லை. போய்விட்டார்.

காலேஜ் திறந்து கடைசி வருடம் ஆரம்பித்துவிட்டது. ஷைமா வரவில்லை. அவளோடு பஸ்ஸில் வரும் பத்ருன்னிசாதான் சொன்னாள். நிறுத்திவிட்டார்களாம், மாப்பிள்ளை பார்க்கிறார்களாம். உன் அத்தாவை நான் குறை சொல்லவில்லை. எங்கப்பாவாக இருந்தால் சென்டர் வாசலிலேயே கத்திக் கூட்டம் கூட்டியிருப்பார். பெற்ற மகள் பொய் சொன்னால் யாருக்கும் வலிக்கும்.

ஆனால் ஷைமா பத்ருன்னிசாவிடம் சொல்லியனுப்பிய ஒரு விஷயம் என்னைத் தூங்கவிடவில்லை. அம்மா உன்னிடம் எதுவுமே கேட்கவில்லையாம். பேச்சு உன் மாமியாரைப் பற்றியாம், நடுவில் ஷைமாவின் ஸ்பெஷல் கிளாஸ் என்று ஒரு வார்த்தை வந்ததாம், அவ்வளவுதான். "கேட்டார்கள், சொன்னேன்" என்று எனக்கு எழுதினாயே.

நீ எந்தச் சட்டத்தையும் மீறவில்லை. அம்மாவிடம் பொய் சொல்லவில்லை. உன் முதல் சொல் அப்படியே இருக்கிறது, மர்ஜியா. அடுத்ததை நீயே எழுதிக்கொள்.

நான் ஒழுங்கு என்று சொல்லவில்லை. நீலப் பகடையைப் பற்றி நீ எழுதியதைப் படித்த அதே வாரம்தான் வல்லியை எடுத்து ஷைமா கையில் கொடுத்தேன். வாள் வீரர் இல்லை என்று எழுதியது சாக்கு. புது வாள் வீரர் ஒருவரை உண்டாக்க அரைமணி நேரம் போதும். உனக்கு வலிக்க வேண்டும் என்றுதான் கொடுத்தேன். ஆனால் நான் கெடுத்தது ஒரு தாளைத்தான்.

சித்ரா

---

ஷார்ஜா
18.07.2003

சித்ரா,

உன் கடிதத்தைக் கிழித்துவிட்டேன். கிழித்த பிறகும் வரி வரியாகத் தெரிகிறது.

ஆமாம், அம்மா கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன். சொல்லும்போது என் குரல் எவ்வளவு அக்கறையாக இருந்தது தெரியுமா? எனக்கே நம்பும்படி இருந்தது. போனை வைத்துவிட்டு நெய்ச்சோறு செய்தேன். அவர் வந்து, "இன்னைக்கு என்ன விசேஷம்?" என்றார். ஒன்றுமில்லை என்றேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன், சித்ரா. அதுதான் எனக்கு இப்போது பயமாக இருக்கிறது.

பிலோமினாவின் கதையில் வருகிற கெட்டவர்கள் எல்லாரும் கறுப்பு அங்கி போட்டிருப்பார்கள். பார்த்ததுமே தெரிந்துவிடும். போன வெள்ளிக்கிழமை ஆட உட்கார்ந்தேன், முடியவில்லை. தலைவலி என்று எழுந்து வந்துவிட்டேன்.

அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான். "அந்தப் புள்ள மேல உனக்கு என்னடி கோவம்?" அதற்கு ஒரு மணி நேரம் பதில் சொன்னேன். பாவாடை, சைக்கிள், பாட்டு. அவர் முகத்தைப் பார்த்தபோது நான் சொல்வதெல்லாம் எவ்வளவு சின்னதாக இருக்கிறது என்று தெரிந்தது. சின்னதாக இருந்தும் வலி குறையவில்லை.

மறுநாள் அத்தாவின் கடைக்கே போன் செய்தேன்.

"அத்தா, ஷைமாவப் பத்தி நான் சொன்னேனே."

"ஆமா. நீ சொல்லலன்னா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது."

"உண்மையத்தான் சொன்னேன். ஆனா அவ நல்லதுக்குச் சொல்லல."

"பின்ன?"

"பொறாமைத்தா."

லைனில் கடைச் சத்தம் மட்டும் கேட்டது. யாரோ சர்க்கரை கேட்டார்கள். அத்தா அந்த ஆளை அனுப்பிவிட்டு வந்து, "கூடப் பொறந்தவ மேல என்னம்மா பொறாம?" என்றார். விளக்க ஆரம்பித்தேன். ஆட்டம், வல்லி, நீ. பாதியில் நிறுத்திவிட்டார். "நீ எதுக்கு வேணா சொல்லியிரு. அவ எங்கிட்ட பொய் சொன்னா. அது இல்லன்னு ஆயிடுமா?"

"ஆவாதுத்தா. அதுக்குத் திட்டுங்க, அடிங்க. படிப்ப நிறுத்தாதீங்க. அவ படிப்ப நிறுத்தினது நீங்க இல்ல, நான்."

வைத்துவிட்டார். நான்கு தடவை போன் செய்தேன். நான்காவது தடவை என் வீட்டுக்காரரும் பேசினார். அத்தா ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு இதற்கு மேல் தெரியவில்லை. ஷைமா போனுக்கு வரமாட்டேன் என்கிறாள்.

நீ ஒரு தாளைத்தான் கெடுத்தாய் என்று எழுதியிருந்தாய். இல்லை. நான் மூன்று வருடம் ஆடியதைச் சிலை என்று எழுதினாயே, அதையும் சேர்த்துக்கொள்.

மர்ஜி

---

அரியலூர்
14.09.2003

மர்ஜி,

ஷைமா காலேஜுக்கு வந்துவிட்டாள். இரண்டு மாத வருகை போய்விட்டது. பிரின்சிபாலிடம் உன் அத்தாவே வந்து கைகட்டி நின்று பேசியிருக்கிறார். மாப்பிள்ளை பேச்சு பரீட்சை வரைக்கும் இல்லை.

முதலாளி இப்போது சாவி தருவது சனிக்கிழமை மத்தியானம்தான். நேற்று நாங்கள் ஆட உட்கார்ந்தபோது சென்டர் கதவு திறந்தது. முன்னால் உன் அத்தா, பின்னால் ஷைமா. இந்தத் தடவை அவராக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அது என்னம்மா ஆட்டம்? எங்க, ஆடுங்க. பாக்கலாம்."

கொட்டை டம்ளரை எடுத்து வைத்து ஆரம்பித்தேன். கொளஞ்சி வாய் திறக்கவே இல்லை, மந்திரக்காரன் அன்றைக்கு ஊமை. சுந்தராம்பாள்தான் காப்பாற்றினாள். ஒரு கோட்டைச் சுவரில் ஏறிக் குதித்து, பன்னிரண்டாம் நம்பர் கொட்டை வந்து, சாணிக்குழியில் விழுந்தாள். உன் அத்தா பல் தெரியச் சிரித்தார்.

"இதுல யாரு செயிக்கிறது?"

"யாரும் செயிக்கிறதில்லீங்க."

"அப்பறம் எதுக்கு?"

ஷைமா மெதுவாக, "அடுத்து என்ன ஆவும்னு பாக்கத்தான் அத்தா" என்றாள். அவர் எழுந்து நின்றார். பிறகு சொன்னார், "சனிக்கிழம வா. சொல்லிட்டு வா. அஞ்சு மணி பஸ்ஸுக்கு வந்துடணும்."

வல்லியின் தாளை எடுத்து அவளிடம் நீட்டினேன். வாங்கவில்லை. "அது அக்காவோடது. எனக்கு வேற போட்டுக் குடுங்க." படகுக்காரி ஒருத்தியை உண்டாக்கிக்கொண்டாள். உனக்கு எழுதச் சொன்னேன். "இப்ப முடியாதுக்கா" என்றாள். எப்போது என்று நான் கேட்கவில்லை.

வல்லி கட்டிப்போட்டவனை வெட்டியது வெட்டியதுதான். அடித்ததைத் திருத்தட்டுமா? நீ சொன்னால் செய்கிறேன்.

நீ ஆடியதைப் பற்றி நான் எழுதியது பொய் இல்லை, மர்ஜி. ஆனால் பாதிதான். நான் கதை நடத்தும்போது எப்படிப்பட்ட பள்ளத்தைத் தோண்டினாலும் வல்லி இருக்கிறாள் என்று தைரியமாகத் தோண்டுவேன். இப்போது தோண்டப் பயமாக இருக்கிறது. அதை எழுதாமல் விட்டுவிட்டேன்.

சித்ரா

---

ஷார்ஜா
03.10.2003

சித்ரா,

திருத்தாதே. நான் லீவில் வந்து அவளை அப்படியே வாங்கிக்கொள்கிறேன். சிலை மாதிரி நிற்க இனி அவளால் முடியாது. எனக்கும் முடியாது.

ஷைமா என்னோடு இன்னும் பேசவில்லை. அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன். நேற்றுப் பேசும்போது அம்மா சொன்னாள். சனிக்கிழமை வந்ததும் ஷைமா அன்றைக்கு நடந்த கதையை அப்படியே சொல்கிறாளாம். அத்தா சோற்றில் கை வைத்தபடி கேட்கிறாராம். போன வாரம், "அந்தப் படகுக்காரி அக்கரைக்குப் போய்ச் சேந்தாளா?" என்று அவரே கேட்டாராம்.

சித்ரா, மூன்று வருடம் நான் ஹாஸ்டலிலிருந்து லீவுக்கு வந்து அதே வீட்டில், அதே அத்தாவோடு உட்கார்ந்து சாப்பிட்டேன். "படிப்பு எப்படிப் போவுது?" என்பார். நன்றாகப் போகிறது என்பேன். எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. சொல்லியிருந்தால் கேட்டிருப்பாரோ என்னவோ. இனி அதைத் தெரிந்துகொள்ள வழியே இல்லை. அவள் முதலில் சொல்லிவிட்டாள்.

வயிறு எரிகிறது. உன்னிடம் மறைக்கப் போவதில்லை. போன தடவையைவிட அதிகமாகவே எரிகிறது.

அம்மா போனில் கேட்டாள், "பரீட்ச வருது, எந்நேரமும் கத, கத. அத்தாவும் சேந்துக்கிட்டாரு. நீ சொன்னா கேப்பாரு. நிறுத்தச் சொல்லேன்மா."

வார்த்தை வாய் வரைக்கும் வந்தது. படிப்பு முக்கியம், நல்லதுக்குத்தானே, எல்லாம் தயாராக இருந்தது.

"பேசட்டும்மா. விடு" என்றேன்.

அம்மா வைத்த பிறகும் ரிசீவரைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

மர்ஜி